‘லாகி லாகி’ பாட்டும் நீ சுமந்த பழியும்

சசி, இதை எழுதுவது நான்தான். யாரிடமும் சொல்லி எழுதவைக்கவில்லை. கிள்ளானில் நம் வீட்டு முன்னறையில், உன் அம்மா காய் நறுக்கும் மேசையில் உட்கார்ந்து பென்சிலால் எழுதுகிறேன். ஒரு பக்கம் முடிக்க ஒரு காலைப்பொழுது ஆகிறது. ‘ண’ வரும்போது சுழி எத்தனை என்று இன்னும் நின்று எண்ண வேண்டியிருக்கிறது. எழுபத்தொரு வயதில் இப்படி ஒரு சந்தோஷம் வரும் என்று நான் நினைக்கவே இல்லை. எழுதியதை விரலால் தடவிப் பார்க்கிறேன். பிறகு அதையே முதலிலிருந்து படிக்கிறேன். நான் எழுதியது எனக்கே புரிகிறது! ஆனால் சொல்ல வந்த செய்தி சந்தோஷமானதல்ல. அடுத்த மாதம் உன் அம்மாவுக்கு ஓராண்டுத் திதி. சிங்கப்பூரிலிருந்து நீ வரமாட்டாய் என்கிறார்கள். நீ வராததற்குக் காரணம் உன் அக்காவின் கோபம் என்று இத்தனை நாள் நினைத்திருந்தேன். காரணம் நான் என்பது போன மாதம்தான் எனக்குத் தெரிந்தது.

இதை உனக்கு மட்டும் தபாலில் அனுப்பியிருக்கலாம். ஆனால் உன்னை ஏசியவர்கள் எல்லாரும் பார்க்கிற இடத்தில் ஏசினார்கள். அதனால் நானும் எல்லாரும் பார்க்கிற ஞாயிறு பத்திரிகைக்கே இதைக் கொடுக்கிறேன். எழுத்துப் பிழைகளை மட்டும் ரோஸ் டீச்சர் திருத்தித் தருகிறார். அவர் யார் என்று பிறகு சொல்கிறேன்.

உனக்குத் தெரிந்ததையே சில இடங்களில் சொல்வேன். மற்றவர்களும் படிக்கிறார்கள் அல்லவா. நான் முப்பது வருடம் லோரி கெலிண்டானாக இருந்தவன். டிரைவருக்குப் பக்கத்தில் உட்கார்ந்து போய், சாமான் ஏற்றி இறக்கி, லோரி பின்னால் வரும்போது கீழே இறங்கி நின்று வழிகாட்டுகிறவன்தான் கெலிண்டான். எனக்கும் லோரி ஓட்டத் தெரியும். லைசன்ஸ் பரீட்சையில் கேள்வியைப் படிக்க வேண்டும் என்பதால் நான் போகவே இல்லை. கிள்ளான் துறைமுகம், ரவாங், அம்பாங் என்று எத்தனையோ சந்துகளில் “லாகி, லாகி, லாகி, ஸ்டாப்!” என்று கத்தியிருக்கிறேன். லாகி என்றால் மலாயில் இன்னும். கொஞ்சம் இன்னும், கொஞ்சம் இன்னும், போதும் நில். அவ்வளவுதான் என் வேலை. நீ பிரிக்பீல்ட்ஸில் ஒலிப்பதிவுக் கூடத்தில் வேலைக்குச் சேர்ந்து, கல்யாண வீடியோக்களுக்குப் பாட்டு சேர்த்துக்கொண்டிருந்த நேரம். ஒரு ஞாயிற்றுக்கிழமை மைக்கோடு வீட்டுக்கு வந்தாய்.

“அப்பா, லோரிக்குப் பின்னாடி நின்னு கத்துவீங்கள்ல? அத ஒரு தடவ கத்துங்க.”

“லோரி எங்கடா?”

“நெனச்சுக்கோங்கலா.”

உன் அம்மா அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்தாள். “அந்த சோபாவ நெனச்சுக் கத்துங்க. அதுவும் உங்க மொதலாளி லோரி மாதிரிதான், தள்ளுனாத்தான் நகரும்.”

நான் கத்தினேன். என் ‘ஸ்டாப்’ சத்தத்துக்குப் பக்கத்து வீட்டு நாய் குரைத்தது. உன் அம்மா சிரித்தாள். நாயின் குரைப்பை எடுத்துவிட்டு, அவள் சிரிப்பை மட்டும் பாட்டில் அப்படியே விட்டுவைத்தாய். ஆட்டப் பாட்டு என்றால் இதுதான் ஆட்டப் பாட்டு என்று எனக்குத் தோன்றியது. ஆனால் பாட்டு வெளிவந்து பல மாதங்கள் ஆகியும் யாரும் கேட்கவில்லை. உனக்கு அது வருத்தம். காட்டிக்கொள்ளவில்லை. நான் என்னால் முடிந்ததைச் செய்தேன். பழைய லோரிக்காரர்களுக்கு முனியாண்டி நடத்தும் வாட்ஸ்அப் குழுவில் உன்னையும் சேர்க்கச் சொல்லி, வாரம் தவறாமல் அந்தப் பாட்டை அனுப்பி, “என் மகன் பாட்டு, கேளுங்க” என்று குரலில் பேசி வைப்பேன். ஒருநாள் முனியாண்டி போனில் கூப்பிட்டான். “யோவ், உன் மவன் பாட்டு வீட்டுல ரொம்ப ஒதவுது. பாட்ட நிறுத்துனாதான் சாப்பிடுவேன்னு என் பேரன் சொல்றான்.” நான் ஒரு வாரம் அவனோடு பேசவில்லை.

அப்புறம் உன் அம்மா போய்விட்டாள். காலையில் ரொட்டி வாங்கப் போன நான் திரும்பி வருவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. அதைப் பற்றி எழுத இன்னும் எனக்கு எழுத்து போதாது.

ஊர்வலத்தை மட்டும் எழுதுகிறேன். உருமி மேளம் அடிக்கத் தொடங்கியதும் சவ வண்டிக்கு முன்னால் ஆண்கள் ஆடுவது நம் வழக்கம். வயதில் மூத்தவர் இறந்தால் ஆடித்தான் அனுப்புகிறோம். நான் ஆடுவேன் என்று யாரும் எதிர்பார்க்கவில்லை, நானும் எதிர்பார்க்கவில்லை. துறைமுகத்தில் எண்ணெய்ப் பீப்பாய் உருண்டு ஏறியதிலிருந்து என் இடது கால் இழுத்துத்தான் வரும். அந்தக் காலுக்கு வெட்கப்பட்டே நான் எந்த விருந்திலும் ஆடியதில்லை. உன் அக்கா கலாவின் கல்யாண விருந்தில் உன் அம்மா என் மேசைக்கு வந்து கையைப் பிடித்து இழுத்தாள். “வாங்க, ஒரே ஒரு பாட்டுக்கு.” லோரிக்காரர்கள் எல்லாரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். “காலு இருக்கற லட்சணத்துல ஆட்டம் வேறயா? போ, போய் உக்காரு” என்றேன். “ஒங்க காலப் பாக்கவா இத்தன பேரு வந்திருக்காங்க?” என்றாள். நான் கையை உதறினேன். அவள் பிள்ளைகளோடு போய் ஆடினாள். அதன் பிறகு என்னைக் கூப்பிடவே இல்லை, சசி. பல கல்யாணங்களுக்குப் போனோம், ஒன்றில்கூடக் கூப்பிடவில்லை. அன்றைக்கு உருமி சத்தம் கேட்டதும் அந்தக் கால் தானாக எழுந்தது. வீட்டு வாசலிலிருந்து சந்தி வரைக்கும் ஆடினேன். கொள்ளிச்சட்டியோடு முன்னால் நடந்த நீ திரும்பிப் பார்த்தாய். பிடிக்க வந்தவர்களிடம், “விடுங்க, ஆடட்டும்” என்றாய்.

மேளக் குழுத் தலைவர் அதை வீடியோவாகப் படம் பிடித்து எனக்கு மட்டும் அனுப்பிவைத்தார். மூன்றாம் நாள் அதைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். என் ஆட்டத்தை அல்ல, எனக்குப் பின்னால் மெல்ல வரும் வண்டியை. அதை உனக்கும் கலாவுக்கும் அனுப்ப நினைத்தேன். குழுக்களின் பெயரைப் படிக்கத் தெரியாத நான் பெயருக்குப் பக்கத்தில் இருக்கிற படத்தைப் பார்த்துத்தான் கண்டுபிடிப்பேன். அம்மா போன அன்று கலா நம் குடும்பக் குழுவின் படத்தை எடுத்துவிட்டுக் குத்துவிளக்குப் படம் வைத்திருந்தாள். முனியாண்டி குழுவில் தீபாவளிக்கு வைத்த குத்துவிளக்கை யாரும் மாற்றவில்லை. நான் ஒரு குத்துவிளக்கை அழுத்தினேன். குடும்பத்துக்குப் போய்விட்டது என்று நினைத்துப் படுத்துக்கொண்டேன்.

பிறகு நடந்தது நாட்டுக்கே தெரியும். வண்டி தெரியாமல் வெட்டி, மேளச் சத்தத்தை எடுத்துவிட்டு, உன் பாட்டை அதில் யாரோ சேர்த்துவிட்டார்கள். லாகி என்கிற இடத்திலெல்லாம் என் இடது கால் பின்னால் இழுபடுகிறது. ‘ஸ்டாப்’ வரும்போது கையில் துண்டோடு அசையாமல் நிற்கிறேன். வண்டியின் முகப்பில் கட்டியிருந்த உன் அம்மாவின் படம் என் கண்ணில் பட்டு, நான் நின்றுபோன இடம் அது. அதே மாதிரி நிற்க வேண்டும் என்பதுதான் போட்டியாம். தாதிமார்கள் ஆஸ்பத்திரி நடையில் ஆடினார்கள். மஸ்ஜித் இந்தியாவில் துணிக்கடைப் பெண்கள் சேலையைத் தோளில் போட்டுக்கொண்டு ஆடினார்கள். ஒரு சீனத் தாத்தா கைத்தடியோடு ஆடினார். நான் பாசாருக்குப் போனால் மலாய்க்கார மீன்காரர், “பாக்சிக்! லாகி, லாகி!” என்று மாமா முறை வைத்துக் கூப்பிட்டுக் காலை இழுத்துக் காட்டுவார். நான் சிரித்தேன், சசி. உன் அம்மா போய்ப் பத்து நாள்கூட ஆகவில்லை, நான் சிரித்தேன். வாழ்நாளெல்லாம் மறைத்த காலை எல்லாரும் ஆசையாகக் கற்றுக்கொள்கிறார்கள். ஒவ்வொருவர் ஆடி முடிக்கும்போதும் உன் அம்மாவின் சிரிப்பு கேட்கிறது. கீழே வரிவரியாக என்னவோ எழுதியிருந்தார்கள். எல்லாம் பாராட்டு என்றே நினைத்தேன்.

அந்த வாரக் கடைசியில் அது இறுதி ஊர்வலம் என்பதை யாரோ கண்டுபிடித்துச் சொல்ல, பேச்சு திரும்பிவிட்டது. எனக்கு அது தெரியாது. பதினாறாம் நாள் காரியத்தில் கலா ஏசியதை மட்டும்தான் கேட்டேன். மருமகன் வீட்டார் எல்லாரும் இருந்தார்கள். படையல் இலையை வெளியில் வைத்துவிட்டு வந்த உன்னைக் கலா வாசலிலேயே மறித்துக்கொண்டாள்.

“காக்கா இன்னும் வாய் வைக்கல. அதுக்குள்ள ஒனக்கு லைக் வந்துருச்சு. எத்தனடா? சொல்லேன், நாங்களும் சந்தோஷப்படறோம்.”

“அக்கா, விடு.”

“போன் ஸ்லோவா இருக்கு, சரி பண்றேன்னு அப்பா போன வாங்குனியே, இதுக்குத்தானா? ஓடாத பாட்ட ஓட வைக்க அம்மா சாவுதான் கெடச்சுதா ஒனக்கு?”

நீ என்னை ஒருமுறை பார்த்தாய். பிறகு, “ஆமா. நான்தான் போட்டேன்” என்றாய்.

நான் அங்கேதான் நாற்காலியில் உட்கார்ந்திருந்தேன். என்ன நினைத்தேன் என்று மறைக்காமல் எழுதுகிறேன். நீதான் போட்டிருப்பாய் என்று நானும் நம்பினேன். குடும்பக் குழுவில் நான் அனுப்பியதை எடுத்து நீ பாட்டைச் சேர்த்திருக்கிறாய் என்றே நினைத்தேன். அதில் எனக்குக் கோபமும் இல்லை. எனக்கு அது பிடித்திருந்தது என்று கலாவிடம் சொல்லியிருந்தால்கூடப் பாதிச் சண்டை நின்றிருக்கும். பெண்டாட்டி போன பத்தாம் நாள் சிரித்தவன் என்று சம்பந்தி வீட்டார் பேசுவார்களே என்று பயந்து, தரையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். நீ சாப்பிடாமல் கிளம்பிப் போனாய். அந்த மாதமே பாட்டை உன் பக்கத்திலிருந்து எடுத்துவிட்டாய், பிரிக்பீல்ட்ஸ் அறையைக் காலி செய்தாய், சிங்கப்பூர் போனாய். வாரம் ஒருமுறை குரலில் “அப்பா, சாப்ட்டீங்களா?” என்று மட்டும் கேட்பாய். அதன் பிறகு நீ ஒரு பாட்டும் போடவில்லை என்று கேள்விப்பட்டேன்.

உன் அம்மா இருந்தவரை எனக்குக் கண் அவள்தான். பில், கடிதம், பஸ் நம்பர் எல்லாம் அவள் படிப்பாள். அவள் போன பிறகு மெதடிஸ்ட் தேவாலயத்தின் பின்கூடத்தில் பெரியவர்களுக்குப் படிப்புச் சொல்லித்தருகிறார்கள் என்று கேள்விப்பட்டுப் போனேன். என் ஆட்டப் படத்துக்குக் கீழே ஜனங்கள் என்ன எழுதியிருக்கிறார்கள் என்று படிக்க வேண்டும், அதுதான் ஆசை. ரோஸ் டீச்சர் தமிழ்ப்பள்ளியில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். முதல் நாள் புத்தகத்தை நீட்டி, “படிங்கண்ணே” என்றார்.

“கண்ணாடிய வீட்டுல வச்சுட்டேன், டீச்சர்.”

“எத்தன வருசமா இதச் சொல்றீங்க?”

“ஒரு நாப்பது இருக்கும்.”

“இங்க செல்லாது. இந்தாங்க, என் கண்ணாடியப் போட்டுக்கங்க.”

ஆறு மாதத்தில் தமிழ் வந்தது. ஏபிசியும் பாதி வந்திருக்கிறது. ரயில் ஏறிப் பிரிக்பீல்ட்ஸ் போய், நீ இருந்த தெருவில் ஒவ்வொரு பலகையாகப் படித்துக்கொண்டு நடந்தேன். பூக்கடை வாசலில் வெகுநேரம் நின்றதும், “என்ன அங்கிள் வேணும்?” என்று கேட்டார்கள். “ஒண்ணும் வேணாம்மா, படிச்சுக்கிட்டிருக்கேன்” என்றேன். அந்தப் பெண் விளையாட்டு என்று நினைத்துச் சிரித்தது.

அன்றைக்குத் திரும்பி வரும் ரயிலில் உன் மூன்றாம் வகுப்பு நினைவு வந்தது. நீ ரிப்போர்ட் புத்தகத்தை என்னிடம் நீட்டினாய். பக்கம் முழுக்கச் சிவப்பு மை. சிவப்பு என்றால் ஃபெயில் என்று மட்டும் எனக்குத் தெரியும். பெல்ட்டை எடுத்து இரண்டு அடி வைத்தேன். வெளியே போயிருந்த உன் அம்மா வந்து படித்துவிட்டு, தலையில் அடித்துக்கொண்டாள். வகுப்பில் நீ முதல் என்று ஆசிரியர் சிவப்பு மையில் நான்கு வரி பாராட்டி எழுதியிருந்தார். அடி வாங்கும்போது “அப்பா, அதுல நல்லாத்தான் எழுதியிருக்கு” என்று நீ சொல்லியிருக்கலாமே? ஒன்பது வயதில் நீ ஏன் சொல்லவில்லை என்று அந்த ரயிலில் யோசித்தேன். சொன்னால், அப்பாவுக்குப் படிக்கத் தெரியாது என்பதை என் முகத்துக்கு நேராகச் சொன்னதாகிவிடும். அதனால் அடியை வாங்கிக்கொண்டாய். அன்றைக்கு நான் உன்னிடம் மன்னிப்புக் கேட்கவில்லை. ஐஸ்கிரீம் வாங்கிக் கொடுத்தேன்.

போன மாதம் ஒரு மத்தியானம், வகுப்பு முடிந்து கூடத்தின் படியில் உட்கார்ந்து, ஆசைப்பட்டதைப் படிக்கத் தொடங்கினேன். நான் முழுதாகப் படித்த முதல் வரி ‘இவனெல்லாம் ஒரு பிள்ளையா.’ இரண்டாவது, ‘பெற்றவளை வைத்துப் பிழைக்கிறான்.’ இதற்கா ஆறு மாதம் படித்தோம் என்று இருந்தது. ரோஸ் டீச்சர் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். “படிக்க வந்துட்டா எல்லாத்தையுந்தான் படிக்கணும்ணே” என்றார்.

அப்போது எனக்கு ஒன்று தோன்றியது. அந்தப் படத்தை நான் என்றைக்கு, எப்படி அனுப்பினேன் என்று பார்க்கலாம் என்று குடும்பக் குழுவைத் திறந்தேன். பெயரைப் படித்துத்தான் திறந்தேன். தேதி தேதியாகத் தேடினேன். அதில் அந்தப் படம் இல்லை. இன்னொரு குத்துவிளக்கைத் திறந்தேன். காலை வணக்கம், பூ, சாமி படம், மறுபடியும் பூ என்று மாதக்கணக்காக மேலே தள்ளிக்கொண்டு போனேன். என் ஆட்டம் அங்கே இருந்தது. அதற்குக் கொஞ்சம் கீழே நீ எழுதியது இருந்தது. முனியாண்டிக்குத் தமிழ் மட்டும்தான் படிக்க வரும் என்பதால் தமிழில் எழுதியிருந்தாய். நான் தினமும் திறந்து பார்க்கிற குழுவிலேயே, நான் படிக்க மாட்டேன் என்ற தைரியத்தில் எழுதியிருந்தாய். விரலை வைத்து எழுத்துக்கூட்டிப் படித்தேன்.

‘முனியாண்டி அங்கிள், இது அம்மாவின் ஊர்வலத்தில் எடுத்தது. அப்பா குடும்பக் குழு என்று நினைத்து இங்கே போட்டுவிட்டார். வெளியே போய்விட்டது, இனி ஒன்றும் செய்ய முடியாது. அப்பாவுக்குத் தெரிய வேண்டாம். தெரிந்தால் தாங்கமாட்டார். யார் கேட்டாலும் நான்தான் போட்டேன் என்று சொல்லுங்கள்.’

கீழே முனியாண்டி, ‘சரி தம்பி’ என்று எழுதியிருந்தான். அதற்கும் கீழே ஒவ்வொருவராக, ‘சரி,’ ‘சரி,’ ‘சரிப்பா.’ நூறு பேருக்கு மேல் இருக்கிற குழு. கல்யாணம், கருமாதி என்று எங்கே சந்தித்தாலும் வாய் ஓயாதவர்கள். இத்தனை மாதத்தில் ஒருவன் என்னிடம் ஒரு வார்த்தை விடவில்லை. நான் அந்தச் சரிகளுக்குக் கீழே ஒரே ஒரு சொல் எழுதினேன். ‘படித்துவிட்டேன்.’ கொஞ்ச நேரம் கழித்து முனியாண்டி போனில் கூப்பிட்டான். “யோவ், நெசமா நீயா எழுதுன?” என்றான். “நாந்தான்” என்றேன்.

மறுநாள் கலாவை ரவாங்கிலிருந்து வரச் சொன்னேன். போனை அவள் கையில் கொடுக்கவில்லை. அவளை உட்காரவைத்து நானே படித்துக் காட்டினேன். அப்பா படிப்பதை அவள் பார்ப்பது அதுதான் முதல் தடவை. முதலில் ஆச்சரியத்தில் சிரித்தாள். இரண்டாவது வரியில் சிரிப்பு நின்றுவிட்டது. “போதும்ப்பா” என்றாள். “இரும்மா, இன்னும் ரெண்டு வரி இருக்கு” என்று கடைசிவரைக்கும் படித்தேன். அவள் மேசையில் தலையைக் கவிழ்த்துக்கொண்டாள். “இவ்வளவு பேசிட்டு நான் எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டு அவனக் கூப்பிடுவேன்?” என்றாள். உன் நம்பரை அழுத்துகிறாள், மணி அடிப்பதற்குள் வைத்துவிடுகிறாள். இந்த மாதத்தில் எத்தனை முறை அப்படிச் செய்தாள் என்று எனக்குத் தெரியாது. உன் போனில் அவள் பெயர் வந்து மறைந்தால் அது கைதவறி வந்ததல்ல. நீ திருப்பிக் கூப்பிடு.

எல்லாரும் அறியச் சொல்கிறேன். அந்தப் படத்தை வெளியே விட்டவன் நான். சசி இல்லை. அவன் தன் அம்மாவின் சாவை வைத்துப் பெயர் தேடவில்லை. தேடி வந்த பெயரையும் வேண்டாம் என்று விட்டுவிட்டுப் போனான்.

உனக்கு அறிவுரை சொல்ல நான் பெரிய ஆள் இல்லை. ஆனாலும் ஒன்று சொல்ல வேண்டும். நான் தாங்கமாட்டேன் என்று நீ நினைத்தாய். தாங்கியிருப்பேன், தம்பி. தப்பைச் செய்ததைத் தாங்கியிருப்பேன். மூன்று பேரும் அழுது தீர்த்திருப்போம். என் பிள்ளை எனக்காக அடி வாங்கிக்கொண்டு நிற்கும்போது நாற்காலியில் உட்கார்ந்திருந்தேனே, அதைத்தான் தாங்க முடியவில்லை. நாளைக்கு உனக்கும் பிள்ளைகள் வரும். அவர்கள் உன்னைக் காப்பாற்றுவதற்காகப் பொய் சொல்லும்படி வைத்துக்கொள்ளாதே. உனக்குத் தெரியாததைத் தெரியாது என்று அவர்களிடம் முதலிலேயே சொல்லிவிடு. நான் சொல்லியிருந்தால், ஒன்பது வயதிலேயே நீ வாய் திறந்திருப்பாய்.

திதிக்கு வா. கலா சமைக்கிறாள், இலையை நீதான் வைக்க வேண்டும். அந்தப் பாட்டை மறுபடியும் உன் பக்கத்தில் போடு. யார் என்ன எழுதினாலும் எழுதட்டும், நான் பதில் எழுதுகிறேன், எனக்கு நேரம் இருக்கிறது. வரமுடியாது என்றால் அதையும் எழுதி அனுப்பு. என் மனம் நோகாமல் இருக்க வேறு காரணம் எதையும் தேடாதே. இனிமேல் எனக்குத் தெரியக்கூடாது என்று உன்னால் எதையும் எழுத முடியாது, சசி. மெதுவாகத்தான் படிப்பேன், ஆனால் படித்துவிடுவேன்.

உன் அப்பா